மணியின் நாக்கு

எங்கள் ஊரில், வழியில் சேதமுற்று வந்த பொருளைத் திருப்பி அனுப்பலாம்; சேதத்தைத் திருப்பி அனுப்ப இயலாது. பொருளைப் பெற்றவர் எழுதித் தரும் சேத அறிக்கையின் சொற்படி, நாளுக்கு ஒரு வரியாக, அது அவர் வீட்டிலேயே குடியேறும். ஆகவே இணையத்தில் எதையேனும் வாங்குகின்ற வீட்டில் ஒரு நல்ல பேனாவும் அவசரப்படாத ஒருவரும் இருப்பது அவசியம்.

பக்கத்து வீட்டு வைத்தியலிங்கம் தமக்கு வந்த அலமாரியைப் பற்றி ‘டோர் டேமேஜ், சைடுல பெண்டு’ என்று எழுதிக் கொடுத்தார். எந்த மொழியிலும் சேராத அந்த வரியை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியாமல், சேதம் அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டுப் போய்விட்டது. தெற்குத் தெருக் கதிரவன் நிலை வேறு. அவருக்கு ஒரு மேசை வந்தது. ‘கால் ஒன்று ஒடிந்துள்ளது’ என்று எழுதினார். எதன் கால் என்று எழுதவில்லை. இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். மேசை நன்றாக இருக்கிறது.

நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றினேன். பெயர் செந்தாமரை. என்னிடம் எழுவாய் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு எவரும் வகுப்பைவிட்டு வெளியேறியதில்லை. எனவே நாங்கள் இணையத்தில் வாங்கிய மிதிவண்டி வந்த அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருப்பதைக் கண்டபோது எனக்குப் பெரிதாக அச்சம் எழவில்லை. என் தங்கைதான் அஞ்சினாள்.

“அக்கா, பெட்டியப் பிரிக்காதே. அப்படியே தூக்கிட்டுப் போகச் சொல்லு. பிரிச்சாத்தானே தெரியும்? தெரிஞ்சாத்தானே எழுதணும்?”

“பொருளைப் பாராமல் திருப்பி அனுப்புவது முறையன்று” என்றேன்.

“செய்தி வாசிக்காதக்கா. பயமா இருக்கு.”

என் தங்கையின் பெயர் மணிமொழி. கணவர் காலமான பிறகு என்னுடன் வந்து சேர்ந்தாள். அவள் தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவாள். கீரை விற்பவரிடம் பேசுவாள். தொலைக்காட்சியில் வருபவர்களுக்குப் பதில் சொல்வாள். எரிவாயு உருளை கொண்டுவருபவர் எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வருவார். சிறு வயதிலிருந்து அவளிடம் நான் மிகுதியாகச் சொன்ன சொல் ‘போதும்’ என்பதாகத்தான் இருக்கும். மிதிவண்டியைக் கைபேசியில் தேடித் தேர்ந்தெடுத்ததும் அவளே. முழங்காலுக்கு நல்லதென்று மருத்துவர் சொன்னது எனக்கு. நிறத்தைத் தேர்ந்தது அவள்.

பெட்டியைக் கொண்டுவந்த பன்னீர் வாசற்படியில் நின்று, சேத அறிக்கைத் தாளை நீட்டினார். பல ஆண்டுகளாக இந்தப் பகுதிக்குப் பொருள் கொண்டுவருபவர். கதிரவன் வீட்டுக்கு மேசை கொண்டுபோனதும் அவரே.

“டீச்சரம்மா, பாத்து எழுதுங்க. எழுதினா எழுதினதுதான்.”

“எனக்கா சொல்கிறீர்கள்?”

“எல்லாருக்கும் சொல்றதுதாம்மா. சொல்லலேன்னா எனக்கும் தூக்கம் வராது.”

பெட்டியைப் பிரித்து, மிதிவண்டியை ஒவ்வோர் உறுப்பாகச் சோதித்தேன். பிறகு மேசைமுன் அமர்ந்து மூன்று வரிகள் எழுதினேன்.

ஒன்று: பற்சக்கரத்தில் பல் இரண்டு உடைந்துள்ளன.

இரண்டு: கைப்பிடியின் கழுத்து இடப்புறமாக இரு விரற்கடை வளைந்துள்ளது.

மூன்று: மணியின் நாக்கு இல்லை.

ஒவ்வொரு சேதத்துக்கும் அதன் உடைமையாளரைத் தெளிவாகக் குறித்திருந்தேன். வேற்றுமை உருபு ஒன்றையும் தொகவிடவில்லை. பன்னீர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மிதிவண்டியை மீண்டும் பெட்டியிலிட்டு எடுத்துச் சென்றார். தெருமுனை திரும்பும்வரை பெட்டிக்குள்ளிருந்து எந்த ஓசையும் வரவில்லை.

மறுநாள் காலை முதல் வரி குடியேறியது. நாங்கள் இருவரும் கண்விழித்ததும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பற்கள் அனைத்தும் இருந்தன. பூண்டுப் பற்களையும் சீப்பின் பற்களையும் எண்ணினோம், அவையும் குறையவில்லை. தையல் இயந்திரத்தின் கீழ்த்தட்டைத் திறந்தபோது, சிறிய பற்சக்கரத்தில் அடுத்தடுத்த இரண்டு பற்கள் முறிந்து கிடந்தன.

“பார்த்தாயா? ‘பல்’ என்று மட்டும் எழுதியிருந்தால்?” என்றேன்.

“ஐயோ, சொல்லாதே” என்று மணி தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அவள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே நடமாடினாள். என்னையும் சுற்றிக்கொள்ளச் சொன்னாள். நான் மறுத்தேன், ஆயினும் அன்று கண்ணாடியை நான்கு முறை பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிற்பகலில் கொடியில் தொங்கிய குடை தானாகக் கீழே விழுந்தது. அதன் கைப்பிடி, கழுத்துப் பகுதியில், இடப்புறமாக வளைந்திருந்தது. விரலை வைத்து அளந்தேன். சரியாக இரு விரற்கடை.

எனக்கு ஒரு நிறைவு ஏற்பட்டது. அதை இப்போது எழுதவும் கூசுகிறது.

மூன்றாம் வரிக்காகப் பூசையறையிலிருந்த வெண்கல மணியை எடுத்துப் புளியிட்டுத் துலக்கி, சேதத்தின் கண்ணில் உடனே படும்படி கூடத்தின் நடுவில் ஒரு மணைமீது வைத்தேன். மூன்றாம் நாள் காலை எழுந்ததும் அதை அசைத்துப் பார்த்தேன். கணீரென்றது. நாக்கு அதன் இடத்தில் இருந்தது. இன்னும் நேரமிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அடுக்களையிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

“அக்கா, தோசைக்குச் சனி போதுமா?”

“என்ன?”

“சனி. சனி!” என்றவள் தானே சிரித்தாள். “ஐயோ, காலங்காத்தால சனியாமே. தேங்காச் சனிக்கா.”

டகரம் விழுந்திருந்தது. நாக்கின் நுனி மேலண்ணத்தை வளைந்து தொட்டால்தான் டகரம் பிறக்கும். நான் கையிலிருந்த வெண்கல மணியைக் கீழே வைத்தேன். அவளை நான் மணி என்றே அழைக்கிறேன். எங்கள் பெற்றோர் மணி என்றே அழைத்தார்கள். கீரைக்காரர், பால்காரர், வைத்தியலிங்கத்தின் மனைவி என ஒருவரும் அவளை மணிமொழி என்று அழைத்துக் கேட்டதில்லை. என் அறிக்கையில் பிழையேதும் இல்லை. மணி என்று எழுதியிருந்தேன். மணி அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள்.

வைத்தியலிங்கமாக இருந்திருந்தால் ‘பெல்லு அவுட்டு’ என்று எழுதியிருப்பார்.

ஒன்பது மணிக்குள் ணகரமும் ளகரமும் போயின. அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். எழுத்துகள் போகப் போக வேகமாகப் பேசினாள், மீதமிருப்பவற்றைச் செலவழித்துவிட வேண்டும் என்பதுபோல. பிறகு தகரமும் நகரமும் போயின. ‘நான்’ என்று சொல்ல முயன்றாள். ‘ஆ’ என்று வந்தது. அதன்பின் அவள் சிரிக்கவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்து, அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கும், பன்னீர் பொருள் எடுத்துவரும் கிடங்குக்கு நடந்தேன். வழியெல்லாம் அவள் “அக்கா, அக்கா” என்றாள். அதில் பொருளேதும் இல்லை. அந்தச் சொல் இன்னும் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ககரம் அடிநாக்கில் பிறப்பது. சேதம் நுனியிலிருந்து உள்நோக்கி வந்துகொண்டிருந்தது. அதுவும் போய்விட்டால், இதழ்களால் பிறக்கும் பகரமும் மகரமும் மட்டுமே எஞ்சும். அவற்றைக்கொண்டு அவளால் அம்மாவையும் அப்பாவையும் மட்டுமே அழைக்க முடியும். இருவரும் இப்போது இல்லை. என்னை அழைக்க அவளிடம் எழுத்து இராது.

கிடங்கின் சேதப் பிரிவில் ஞானப்பிரகாசம் என்ற எழுத்தர் அமர்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கக் காதுக்கம்பிக்குப் பதில் நூல் கட்டியிருந்தார். கோப்பிலிருந்து என் அறிக்கையை எடுத்து ஒருமுறை படித்தார். இன்னொரு முறை மெல்லப் படித்தார்.

“நல்ல கையெழுத்தும்மா” என்றார்.

“மூன்றாம் வரியை மாற்ற வேண்டும்.”

“எழுத்துப்பிழை, சந்திப்பிழை, இலக்கணப்பிழை, இந்த மூணுல ஒண்ணு இருந்தாத்தான் மாத்தலாம். பிழையில்லாத அறிக்கையைத் தொட எனக்கு அதிகாரம் கிடையாது. நீங்களே காட்டுங்க. எங்கே பிழை?”

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். முப்பத்து மூன்று ஆண்டுகளில் பிறர் எழுதியதில் பிழை காண எனக்கு ஒரு நொடிகூட ஆனதில்லை. என் வரியை நான் பார்த்தேன். மூன்று சொற்கள். அவை என்னைத் திரும்பப் பார்த்தன.

“நாக்கு என்பது பேச்சு வழக்கு” என்றேன். “மணிக்குரியதை நா என்றே எழுதியிருக்க வேண்டும்.”

“ரெண்டும் வழக்குல இருக்கேம்மா. பிழைன்னு எப்படிப் போடறது?”

“அஃறிணை ஒருமைக்கு ‘இன்று’ என்பதே முடிவு. ‘நாக்கு இன்று’ என்று இருந்திருக்க வேண்டும். ‘இல்லை’ தவறு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வேறு, இல்லை, உண்டு. இந்த மூணும் எல்லாத் திணைக்கும், எல்லாப் பாலுக்கும் பொதுதானேம்மா? நீங்க வகுப்புல அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருப்பீங்க?”

அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ‘இல்லை’ எல்லாருக்கும் பொது.

மணி என் முந்தானையை இழுத்தாள். “அக்கா” என்றாள். அச்சொல்லின் ககரம் ஏற்கெனவே தேய்ந்து, தொண்டையில் ஏதோ உரசுவதுபோல் ஒலித்தது. ஞானப்பிரகாசம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பின்பு அவளைப் பார்த்தார். பின்பு பார்வையைத் தாளுக்குத் தாழ்த்திக்கொண்டார்.

“வீட்ல வேற மணி ஏதும் இல்லையாம்மா?”

“வெண்கல மணி இருக்கிறது. துலக்கி வைத்திருக்கிறேன்.”

“ஒரு பேர்ல ரெண்டு பேர் இருந்தா, சேதம் அதிகமாப் பொழங்கற நாக்கைத்தான் எடுக்கும். அது அதோட வழக்கம். நாம ஒண்ணும் செய்ய முடியாது.”

நான் மீண்டும் வரியைப் படித்தேன். இம்முறை பிழையைத் தேடவில்லை. எழுதப்பட்டிருப்பதை மட்டும் படித்தேன். அப்போது ஒன்று புலப்பட்டது.

“இதை எந்த வேற்றுமையாகப் பதிந்திருக்கிறீர்கள்?” என்றேன்.

“ஆறாம் வேற்றுமை. உடைமைப் பொருள். மணியினது நாக்கு.”

“நான் ‘மணியினது’ என்று எழுதவில்லை. ஆறாம் வேற்றுமைக்குரிய உருபு ‘அது’. அது இந்தத் தாளில் எங்கேனும் இருக்கிறதா?”

அவர் தேடினார். தாளின் பின்புறத்தையும் பார்த்தார். “இல்லை” என்றார்.

“இருப்பது ‘இன்’. அது ஐந்தாம் வேற்றுமைக்கு உருபு. ஊரின் நீங்கினான் என்றால் ஊரிலிருந்து நீங்கினான் என்று பொருள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். நீங்கற்பொருளாகப் படியுங்கள். மணியின் நீங்கிய இடத்தில், அதாவது மணி அல்லாத இடத்தில், நாக்கு இல்லை.”

ஞானப்பிரகாசம் பேனாவின் மூடியைக் கழற்றி அதன் பின்புறத்தில் பொருத்தினார்.

“படிக்கலாம்” என்றார். “கொஞ்சம் பழைய தமிழா இருக்கு. ஆனாப் படிக்கலாம்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வீட்ல நீங்க எத்தனை பேரும்மா?”

“இருவர்.”

“இவங்க மணி.”

“ஆம்.”

“அப்ப மணி அல்லாத இடம்னா…”

“அதுவும் எனக்குத் தெரியும். எழுதுங்கள்.”

மணி இலக்கணம் படித்தவள் அல்லள். ஆயினும் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். அவர் மூன்றாம் வரியின் ஓரத்தில் ‘ஐந்தாம் வேற்றுமை, நீங்கல்’ என்று எழுதி, கிடங்கின் முத்திரையை அதன்மீது பதித்தார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அதை முழுமையாகச் சொல்ல முடிந்தது.

அரிசி ஆலையின் வாயிலைக் கடக்கும்போது தங்கைக்குத் தகரம் திரும்பியது.

“த… தண்ணி. அக்கா, தண்ணி! சொல்ல வருதுக்கா! தட்டு, தாம்பாளம், தடியன், பாரேன், எல்லாம் வருது! அந்த ஆளு மூஞ்சியப் பாத்தியா, ஏதோ நாட்டையே எழுதிக் கொடுக்கற மாதிரி! கண்ணாடிக்கு நூல் கட்டியிருக்கான், ஒரு கம்பி போடக் கூடாது? நான் செத்தே போயிட்டேன்னு நெனச்சேன்க்கா. ஒண்ணு சொல்லவா, பேச முடியலேன்னா மூச்சே விட முடியலே. என்ன, இன்னிக்குப் ‘போதும்’னு சொல்ல மாட்டேங்கறே? சொல்லேன்.”

நான் நடந்துகொண்டிருந்தேன்.

“அக்கா. ‘போதும்’னு சொல்லு.”

பகரம் என்னிடம் இருந்தது, தகரம் இல்லை. “ம்” என்றேன்.

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோ ஒலி எழுப்பியது, அவள் விலகவில்லை. நான்தான் அவளை ஓரத்துக்கு இழுத்தேன். அங்கிருந்து வீடுவரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. என் வாய்க்குள் இடம் மிகுதியாக இருந்தது. ஆளில்லாத கூடத்தில் நிற்பதுபோல அது என்னை அச்சுறுத்தியது.

மறுநாள் முற்பகலில் பன்னீர் மாற்று மிதிவண்டியைக் கொண்டுவந்தார். பெட்டியின் நான்கு மூலைகளும் கூர்மையாக இருந்தன. பற்சக்கரம், கைப்பிடி, மணி எல்லாவற்றிலும் குறையேதும் இல்லை. பன்னீர் மணியை ஒருமுறை அடித்துக் காட்டினார். என் தங்கை மணியும் “ம்” என்றாள், தன்னை அழைத்ததுபோல.

“குடியேற்றச் சான்று ஒண்ணு எழுதணும்” என்றார் பன்னீர். “சேதம் வந்து சேந்துடுச்சுன்னு. சேதம் யார் மேல சேந்திருக்கோ அவங்க எழுதக் கூடாது. வீட்ல இன்னொருத்தர் எழுதணும். பாத்து எழுதுங்கம்மா. இதுல எழுதறதுதான் கடைசி. அதுப்படிதான் இனிமே இருக்கும்.”

மணியின் முகம் வெளிறியது. பேசுவதற்குத்தான் அவள் பிறந்தாள். பேனாவைப் பிடித்தால் அவள் விரல்கள் வியர்க்கும். மளிகைப் பட்டியலைக்கூட நான்தான் எழுதுவேன். அவள் மேசைமுன் அமர்ந்து, நாக்கின் நுனியைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். தையல் மெசின் பல்லு போச்சு. குடை வலஞ்சு போச்சு. மூன்றாம் வரிக்கு வந்ததும் அழுதாள். அழுதுகொண்டே எழுதினாள். எழுதி முடித்ததும் தாளை என்னிடம் நீட்டினாள்.

‘அக்காவுக்கு நாக்கு இள்ளை’ என்று இருந்தது.

பன்னீரும் எட்டிப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். கடைசிச் சொல்லில் அவர் உதடுகள் நின்றன.

“டீச்சரம்மா, நீங்க எழுதத்தான் கூடாது. திருத்தலாம். ஆனா பையில போட்டுட்டேன்னா அவ்வளவுதான்.”

என் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்புப் பேனா இருந்தது. எடுத்தேன். என் வாழ்நாளில் அப்படியொரு பிழையைத் திருத்தாமல் நான் எந்தத் தாளையும் கைமாற்றியதில்லை. ளகரத்தின்மேல் ஒரு கோடு, அருகில் ஒரு லகரம், அவ்வளவே வேலை. திருத்தினால் அந்தச் சொல் ‘இல்லை’ ஆகும். ‘இல்லை’ எனக்கு நன்கு தெரிந்த சொல். அதில் இனி எதுவும் மாறாது. ‘இள்ளை’ எந்த அகராதியிலும் கிடையாது. பொருள் இல்லாத சொல்லின்படி வருவது எதுவாகவும் இருக்கலாம். முள்ளாக இருக்கலாம். உயிருள்ளதாக இருக்கலாம். இரவில் வாய்க்குள் அசையக்கூடியதாக இருக்கலாம்.

“அக்கா, தப்பா இருக்கா?” என்றாள் மணி. “என்ன தப்பு? சொல்லேன். சொல்லித் தொலையேன்!” என்றவள், சொன்னது இன்னதென்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பேனாவை மூடி, தாளைப் பன்னீரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். போகும்போது வாசற்கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினார்.

மறுநாள் விடிந்தபோது என் வாயில் ஓர் இள்ளை இருந்தது. நாக்கைவிடச் சிறிது அகலம், தொட்டால் குளிர்ச்சி. காப்பியின் சூட்டை அது பொருட்படுத்தவில்லை. கசப்பை மட்டும் நெடுநேரம் வைத்திருந்தது. மணி என்னைச் சன்னலோரம் அமரவைத்து, மோவாயைப் பிடித்து வாயைத் திறக்கச் செய்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது.

“நான் எழுதினதுல ஏதும் பிழையாக்கா?” என்றாள்.

“பிழை ஒன்றும் இள்ளை” என்றேன்.